உங்களுக்குத் தெரியுமா? கோதுமையும் கால் எரிச்சலும்

காலில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல் என்று சொன்னதுமே நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "சுகர் பார்த்தீங்களா?" அவசியமான கேள்விதான். சர்க்கரை இல்லை, சத்து ஊசி போட்டும் குணமில்லை என்றால் அப்புறம் எங்கே தேடுவது? சிலருக்கு அந்த எரிச்சலின் வேர் சிறுகுடலில் இருக்கிறது. தட்டில் விழும் சப்பாத்தி அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறது. இந்த நோயின் பெயர் சீலியாக். வயிறு ஒரு நாளும் வலிக்காமலேயே பெரியவர்களின் நரம்பைக் கெடுக்கக்கூடியது. நேரத்தோடு கண்டுபிடித்தால் தடுத்து நிறுத்தவும் கூடியது. அதற்காகத்தான் இந்தத் துணுக்குகள்.

பெயரிலேயே வயிறு

'சீலியாக்' என்பது வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியாக வந்தது. சாப்பிட்டது செரிக்காமல் கழிந்து, ஆள் உருகிப்போகும் ஒரு நோயைப் பழங்கால கிரேக்க மருத்துவர் அரிடேயஸ் எழுதி வைத்திருக்கிறார். 1888ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ அதைத் தெளிவாக விவரித்தார். குணமாகும் வழி ஒன்று இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்றும் அப்போதே சொன்னார். ஆனால் எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

பரோட்டா மாவை இழுக்க வைப்பது எது?

பிசைந்த மைதா உருண்டையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பிசைந்துகொண்டே இருங்கள். மாவுச்சத்து வெள்ளைத் தண்ணீராக ஓடிவிடும். கையில் ரப்பர் மாதிரி ஒரு பசை மிஞ்சும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் காகிதம்போல விரிப்பது இதன் தயவில்தான். கோதுமையில் மட்டுமின்றி பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு.

மனித வயிற்றால் குளூட்டனை முழுவதுமாக உடைக்க முடிவதில்லை. சில துண்டுகள் அப்படியே சிறுகுடலுக்குப் போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் மட்டும் அந்தத் துண்டுகளைப் பகையாக எண்ணிப் போருக்குக் கிளம்புகிறது. அடி விழுவது சொந்தக் குடலின் மீது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன.

ஒவ்வாமை வேறு, இது வேறு

கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு வரலாம். சீலியாக் அப்படி ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. உடல் தன்னையே தாக்கும் நோய்களின் வரிசையில் சேர்ந்தது இது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அரிக்கும். அதனால்தான் காலையில் தின்ற பூரிக்கும் இரவில் எரியும் பாதத்துக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

பஞ்சம் காட்டிய விடை

எந்த உணவு என்ற கேள்விக்கு விடை சொன்னவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம்-கரேல் டிக்கே. கோதுமை மீது அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், அந்த நாட்டைப் பெரும்பஞ்சம் தாக்கியது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950ல் தன் ஆய்வேட்டில் டிக்கே கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தினார். இன்று சீலியாக் நோயாளி ஒவ்வொருவரும் பின்பற்றும் உணவுமுறை அங்கிருந்துதான் பிறந்தது.

குழந்தை நோய் என்ற எண்ணம் பழையது

சீலியாக் எந்த வயதிலும் தலைகாட்டும். நாற்பதிலும் வரும், அறுபது தாண்டியும் வரும். உலக அளவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

16 பேர் சொன்ன சேதி

பெரியவர்களின் சீலியாக் நோய்க்கும் நரம்புக் கேடுக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் உற்றுப் பார்க்கத் தொடங்கியது 1966ல். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து மருத்துவர்கள் குக், ஸ்மித் இருவரும் 16 நோயாளிகளின் கதையை 'பிரெயின்' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பதினாறு பேருக்கும் நடையில் தள்ளாட்டம் இருந்தது. பெரும்பாலோருக்குக் கை கால் நரம்புகளும் பழுதாகியிருந்தன. வயிற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகுதான் பாதத்தையும் பார்த்தார்கள்.

எதிர்த் திசையிலிருந்து ஒரு தேடல்

குடல் நோயாளிகளிடம் நரம்புக் கோளாறைத் தேடுவது ஒரு வழி. நரம்பு நோயாளிகளிடம் குளூட்டன் எதிர்ப்பைத் தேடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போனவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து நரம்பியல் மருத்துவர் மாரியோஸ் ஹட்ஜிவாசிலியூ. 1996ல் வெளிவந்த அவரது குழுவின் ஆய்வில், காரணம் தெரியாத நரம்பு நோயாளிகள் 53 பேரில் 30 பேரின் ரத்தத்தில் குளூட்டனைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) இருந்தன. ஆரோக்கியமாக ரத்ததானம் செய்தவர்களிடம் இது 12 சதவீதம்தான். அந்த எதிர்ப்பொருள் இருப்பவர்கள் எல்லோரும் சீலியாக் நோயாளிகள் என்று ஆகிவிடாது. ஆனால் 'காரணம் தெரியவில்லை' என்று மூடிவைத்த பல கோப்புகளைத் திறக்க வைத்தது அந்த ஆய்வு.

இரண்டரை மடங்கு

ஸ்வீடனில் குடல் திசுப் பரிசோதனை மூலம் சீலியாக் உறுதியான 28,232 பேரின் மருத்துவப் பதிவுகளை, நோய் இல்லாத சுமார் 1,39,000 பேரோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2015ல் வந்தது. சீலியாக் உள்ளவர்களுக்கு நரம்புக் கேடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகம். இதைக் கேட்டு யாரும் நடுங்க வேண்டாம். அந்தப் பதிவுகளில் நரம்புக் கேடு கண்டவர்கள் சீலியாக் பக்கம் 0.7 சதவீதம், மறுபக்கம் 0.3 சதவீதம். சீலியாக் வந்த எல்லோருக்கும் நரம்பு கெடுவதில்லை. கெடுபவர்களைத் தவறவிடக் கூடாது என்பதுதான் செய்தி.

ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது?

முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உடலிலேயே நீளமான கம்பி அதுதான். அவ்வளவு தூரம் போஷாக்கு போய்ச் சேர வேண்டும். எனவே பழுது வந்தால் கடைக்கோடியில்தான் முதலில் தெரியும். இரண்டு பாதமும் ஒன்றாக மரத்துப்போகும், பிறகு கணுக்கால், அப்புறம் முழங்கால் என்று மேலேறும்.

"பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "எறும்பு ஊருது", "செருப்பு கழன்று விழுந்ததே தெரியல" என்று மக்கள் சொல்வதெல்லாம் துல்லியமான நோய்க்குறிப்புகள். டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'நரம்புத் தளர்ச்சி' என்று நாமே பெயர் வைத்துச் சொன்னால் பாதி விவரம் காணாமல் போய்விடும்.

ஓர் இசைக்கவையின் பரிசோதனை

நரம்பியல் மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி, அதிரும் காம்பைக் கால் பெருவிரல் எலும்பின் மேல் வைப்பார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். "அதிர்வு தெரியுதா? நின்றதும் சொல்லுங்க" என்பார். நல்ல நரம்பு உள்ளவருக்கு அந்த 'உர்ர்' நெடுநேரம் தெரியும். நரம்பு பழுதானவர், கவை அதிர்ந்துகொண்டிருக்கும்போதே "நின்னுபோச்சு" என்பார். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே உலோகத்தின் குளிர்ச்சி மட்டும்தான் தெரியும். அடுத்து, கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். திறந்த கண்ணோடு நேராக நின்றவர், மூடியதும் ஆடினால், பாதம் தரும் தகவல் மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். இருட்டில் கழிப்பறைக்குப் போகும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதும், முகம் கழுவக் கண்ணை மூடும்போது தடுமாறுகிறது என்பதும் இதே சேதிதான்.

டெஸ்ட் நார்மல், எரிச்சல் நிஜம்

நரம்பில் மின்சாரம் பாயும் வேகத்தை அளக்கும் பரிசோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் பார்க்கும். வலி, சூடு, குளிர் உணர்த்தும் மெல்லிய இழைகள் அதன் கண்ணில் படாது. சீலியாக் பல நேரம் தாக்குவது இந்த மெல்லிய இழைகளைத்தான். எனவே அறிக்கை 'நார்மல்' என்று வந்தும் கால் எரியலாம். அப்போது கணுக்காலுக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைத் துளி எடுத்து, இழைகளை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கும் பரிசோதனை உண்டு. எரிச்சலோடு வந்தவரிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிடாமல் இருக்க இது உதவும்.

முகத்திலும் வரலாம்

சர்க்கரை நோயில் எரிச்சல் வழக்கமாகப் பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறும். சீலியாக் நோயில் சிலருக்கு அந்த ஒழுங்கு இருப்பதில்லை. காலோடு சேர்ந்தே கை, முகம் எனப் பல இடங்களில் மரப்பும் கூச்சமும் வரலாம். தண்டுவடத்தை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளே தாக்கப்படும்போது இப்படி ஆகும்.

குடிக்காமலே தள்ளாட்டம்

நாம் நேராக நடக்கவும் தெளிவாகப் பேசவும் உதவுவது சிறுமூளை. குளூட்டனுக்கு எதிரான போர் அங்கேயும் பரவினால் அதற்கு 'குளூட்டன் அட்டாக்ஸியா' என்று பெயர். சராசரியாக ஐம்பதைத் தாண்டிய வயதில் தொடங்குகிறது. கால்களை அகட்டி வைத்து நடப்பார்கள், நாக்கு குழறும், டம்ளரை எடுக்கும் கை குறி தவறும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இப்படி ஒருவரைக் கண்டால் பழிக்காமல் நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குளூட்டன் அட்டாக்ஸியா உள்ளவர்களில் வயிற்றுத் தொந்தரவு இருப்பது பத்தில் ஒருவருக்கும் குறைவு.

காலத்தின் அருமை

சிறுமூளையில் அழிபவை பர்கின்ஜி செல்கள். போனால் மறுபடி முளைக்காதவை. எனவே தள்ளாட்டத்துக்குக் காரணம் குளூட்டன் என்று தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உணவை மாற்றுவது மீதியிருக்கும் செல்களைக் காப்பாற்றும் காரியம்.

இரண்டாவது பாதை: பட்டினி கிடக்கும் நரம்பு

எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதல் ஒரு பாதை. சத்துக்குறைவு இன்னொன்று. குடலுறிஞ்சிகள் தேய்ந்தால் வாய்க்குள் போவது உடம்பில் சேராது. பி12, ஃபோலிக் அமிலம், பி1, வைட்டமின் ஈ, தாமிரம் எல்லாமே நரம்புக்கு உயிர். இதில் அதிகம் மறக்கப்படுவது தாமிரம். அது குறைந்தால் தண்டுவடம் பாதித்து, பி12 குறைந்தவரைப் போலவே கால்கள் விறைத்துத் தள்ளாடும். பி12 சரியாக இருந்தும் அப்படி நடந்தால் தாமிர அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். துத்தநாக மாத்திரையை நாள்கணக்கின்றி விழுங்குவதும் தாமிரத்தைக் குறைக்கும்.

மருந்தே நஞ்சாகலாம்

"நரம்புக்கு நல்லது" என்று பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையை நாமே வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அதிலுள்ள பி6 அதிக அளவில் நீண்ட நாள் சேர்ந்தால், அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை மரக்க வைக்கும். இரண்டு மூன்று மாத்திரைகளில் ஒரே சத்து ஒளிந்திருக்கலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உடம்பு தரும் மற்ற தடயங்கள்

நரம்புக் கோளாறோடு கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது:

- மாத்திரை சாப்பிட்டும் ஏறாத இரும்புச்சத்து
- வயதுக்கு முந்திய எலும்புத் தேய்மானம்
- தைராய்டு கோளாறு, சிறுவயதிலிருந்தே இன்சுலின் போடும் முதல் வகைச் சர்க்கரை
- முழங்கை, முழங்கால், பின்பக்கத்தில் கடும் அரிப்போடு வரும் கொப்புளங்கள்
- ஆறி ஆறித் திரும்பும் வாய்ப்புண்
- காரணமில்லாத எடைக்குறைவு

முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு கூடுதல். எனவே அவர்களின் கால் எரிச்சலுக்குச் சர்க்கரையோடு சீலியாக்கும் ஒரு காரணமா என்று பார்ப்பது நல்லது.

கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுக்காதீர்கள்

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்களானால், அது இதுவாக இருக்கட்டும். சீலியாக்கைத் தேடும் முதல் ரத்தப் பரிசோதனை 'டிடிஜி-ஐஜிஏ'. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது உண்மையைச் சொல்லும். யாரோ சொன்னார்கள் என்று சில மாதம் சப்பாத்தியை விட்டுவிட்டுப் போனால், நோய் இருந்தும் 'இல்லை' என்று வரக்கூடும். மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவு என்பதால், அவர்களுக்கு இந்த டெஸ்ட் ஏமாற்றிவிடும். ரத்தத்தில் தடயம் கிடைத்தால் எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடல் துளியை எடுத்து உறுதி செய்வார்கள்.

வேலூர் சொன்ன கணக்கு

ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016ல் வெளியானது. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரிடமும், தெற்கே வெறும் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. மரபணுவில் ஏதும் வேறுபாடா? இல்லை. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று இடங்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில்தான். ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமை வடக்கே சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

நமக்கு இதில் இரண்டு பாடம். தெற்கே சீலியாக் அரிது, கால் எரிந்ததும் அதுதான் என்று பதற வேண்டாம். அதே நேரம், மரபணு நம்மிடமும் இருக்கிறது, தட்டு மாறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரைக்காக இரவில் சப்பாத்தி, அவசரத்துக்கு ரொட்டி, வாரம் இரண்டு நாள் பரோட்டா என்று கோதுமை கூடிவரும் வீடுகளில், "நம்ம ஊரில் இது வராது" என்று யாரும் கதவைச் சாத்திவிடக் கூடாது.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சீலியாக் என்று உறுதியானால் ஒரே மருந்து, குளூட்டனை அடியோடு விடுவது. அரிசிச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இது சுலபம் என்று தோன்றும். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்தில் கோந்து, பெருங்காயம், இவற்றோடு கோதுமை மாவும் இருந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பது வழக்கம். சாம்பார், ரசம், ஊறுகாய் என நாம் சந்தேகிக்காத எல்லாவற்றிலும் அது கலந்துவிடுகிறது. பார்லி மால்ட் சேர்ந்த சத்துப் பானப் பொடி, சோயா சாஸ், ரவை, சேமியா, மைதா கலந்த பஜ்ஜி மாவு ஆகியவையும் இதே பட்டியலில் வரும். குளூட்டன் இல்லை என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அவ்வளவு சிறிய அளவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நோய் இது.

பயமில்லாமல் சாப்பிட

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு, காய், பழம், பால், முட்டை, மீன், இறைச்சி எதிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. இட்லியும் கூழும் களியும் கொழுக்கட்டையும் தாராளம். கவனிக்க வேண்டியது கலப்புதான். கோதுமை அரைத்த மில்லிலேயே கேழ்வரகை அரைத்தால் மாவு ஒட்டும். பரோட்டா போட்ட கல்லிலேயே தோசை வார்த்தாலும் அப்படியே. வீட்டில் சீலியாக் உள்ளவருக்கென ஒரு தோசைக்கல், ஒரு கரண்டி தனியாக வைத்துவிடுங்கள். வெளியே சாப்பிடும்போது கேட்டுச் சாப்பிட வெட்கப்பட வேண்டாம்.

எத்தனை நாளில் குணமாகும்?

ஷெஃபீல்ட் குழுவினர் 2003ல் தள்ளாட்டத்தையும், 2006ல் கை கால் நரம்புக் கேட்டையும் ஆராய்ந்தார்கள். ஓராண்டு கண்டிப்பாகக் குளூட்டனைத் தவிர்த்தவர்கள் தேறினார்கள். தவிர்க்காதவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆனாலும் பொறுமை வேண்டும். அறுந்த நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்தோடு கணக்குப் போட்டால் ஏன் மாதங்கள் ஆகின்றன என்பது புரியும். ஆறு வாரத்தில் எரிச்சல் போகவில்லை என்று பத்தியத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். சிலருக்கு முழுதும் போகாது, மேலும் ஏறாமல் நிற்கும். அதுவும் வெற்றிதான்.

பத்தியத்துக்குப் பிறகும் ரத்தம் பாருங்கள்

குளூட்டன் இல்லாமல் கடையில் விற்கும் பல பண்டங்களில் பி வைட்டமின்களும் நாரும் குறைவு. பத்தியம் தொடங்கிப் பல வருடம் ஆனவர்களுக்கும் பி12, ஃபோலிக் அமிலம் குறைவதுண்டு. ஆண்டுக்கொருமுறை சத்து அளவுகளையும் டிடிஜி அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. பத்தியம் சரியாக இருந்தும் நரம்பு மோசமானால், சர்க்கரை, தைராய்டு, மது, மருந்துகள் என்று வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

ஒருவருக்கு வந்தால் வீட்டுக்கே டெஸ்ட்

சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருக்கலாம். அவர்களுக்கு வயிறு வலிக்காமல் இருக்கலாம், கால் எரியாமலும் இருக்கலாம். அக்காவுக்கு உறுதியானால் தம்பியும் ஒரு முறை ரத்தம் கொடுக்கட்டும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொடுக்கட்டும். அக்காவின் பாதம் பல வருடம் எரிந்து சொன்ன சேதியைத் தம்பியின் பாதம் மரத்துப்போகும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.